என்னைப் பற்றி எழுதியதை எனக்குக் காட்டுங்கள்

எதற்காகய்யா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்? பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாடு என்றால் காவல் இருக்கும், காவல் என்றால் நாலு பேரைக் கவனிக்கத்தான் செய்வார்கள், அது எனக்கும் தெரியும். யார் பார்க்கிறீர்கள், யார் பார்க்கச் சொன்னார்கள், என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியில் அதைக் கிழித்துப் போடுவீர்கள்? இந்த நாலையும் சொல்லிவிட்டுப் பாருங்கள் என்கிறேன். நாலில் ஒன்றுக்காவது பதில் கிடைக்காதா என்று மனுவும் கையுமாக அலைந்து செருப்புத்தான் தேய்ந்தது. கேட்கப் போன இடத்திலெல்லாம் என் ஆதார் எண்ணையும் செல் நம்பரையும் முதலில் வாங்கிக்கொண்டார்கள். பதில் மட்டும் வரவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அப்பளம் ஞாபகம் வருமே, அதில்தான் எங்கள் சாப்பாடு. உளுந்து மாவும் அப்பளக் காரமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அம்மா இடுவாள், தங்கை மொட்டை மாடியில் உலர்த்துவாள், நான் கட்டுக் கட்டி வண்டியில் வைத்து அம்பை, கடையம், தென்காசி என்று கடை கடையாகப் போட்டு வருவேன். அடிதடி, திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று என் மேல் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி சரக்கைப் போட்டுவிட்டு வசூல் பணத்தோடு திரும்பும்போது வாகனச் சோதனை. எந்த நிலையத்து ஆட்கள் என்று எழுதமாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லைசென்ஸ் கேட்டார், கொடுத்தேன். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எல்லாம் சரி. 'ஹெல்மெட்டக் கழத்து' என்றார். கழற்றினேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, 'மூஞ்சிய நேரா வையில' என்றார். எதுக்கு சார் என்றேன். 'சும்மா ஒரு போட்டோதாம்ல. உன் சொத்தையா எழுதி வாங்கப் போறேன்?' டார்ச் வெளிச்சம் கண்ணில் குத்தியது. படம் எடுத்தார். திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்: 'நீ கூடங்குளம் பார்ட்டியால?'

எட்டிப் பார்க்கப் போனேன். போனைக் கவிழ்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதில் இருந்தது என் முகம், என் பெயர், என்னைப் பற்றிய ஏதோ ஒரு வரி. அங்கே நின்ற மூன்று பேரில் அதைப் பார்க்கக் கூடாதவன் நான் ஒருத்தன்தான்.

கூடங்குளம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு அணுமின் நிலையத்துக்கு எதிராகச் சனங்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வருஷம் மார்ச்சில்தான் ஜப்பானில் ஃபுகுஷிமா உலை வெடித்திருந்தது. பயந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் வகுப்புப் பையன்கள் சேர்ந்து போனோம். மணலில் உட்கார்ந்தோம், பேச்சைக் கேட்டோம், ஒரு ஆச்சி சொம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்தோம், கோஷம் போட்டோம், சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிட்டோம். என் போராட்ட வரலாறு முழுவதும் இவ்வளவே. பந்தலுக்கு எதிரே சாதாரண உடையில் ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் படம் எடுத்தார். டி.வி.காரர் என்று நினைத்துக் கையசைத்த பையன்கள்கூட எங்களில் உண்டு.

அந்தப் போராட்டத்தில் கூடங்குளம் காவல் நிலையம் ஒன்றிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வழக்குப் போட்டார்கள். அதில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவு. மீன் பிடிக்கிறவன், பீடி சுற்றுகிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாரும் தேசத்துரோகி. அத்தனை பேருக்கும் பெயர் எழுத முடியுமா? பெயர் தெரிந்தவர்களைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் 'பலர்' எவ்வளவு வசதி பாருங்கள். யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அதற்குள் தள்ளலாம். பேர் இல்லாததால் அவன் கோர்ட்டுக்குப் போய் என்னை விடுவியுங்கள் என்று கேட்கவும் முடியாது. மறு வருஷம் செப்டம்பரில் கடலுக்குள் இறங்கி நின்றவர்களின் தலைக்கு மேலே கடலோரக் காவல் படை விமானம் தாழப் பறந்ததை டி.வி.யில் பார்த்தேன். பாறை மேலிருந்து விழுந்து ஒரு மீனவர் செத்துப்போனார். வானத்திலிருந்து பார்ப்பதற்குக்கூட அப்படி ஒரு விலை.

2013 மே மாதம் அணுமின் நிலையத்துக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் இந்தப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர்கள் எத்தனை பேரோ. வழக்கை வாபஸ் வாங்கினார்கள். எடுத்த படத்தை?

அந்தப் படத்தால் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதினேன். விசாரணைக்கு வந்தவர் காபி குடித்துவிட்டு நல்லபடியாகத்தான் பேசிவிட்டுப் போனார். அறிக்கை பாதகமாகப் போயிருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என்ன பாதகம் என்று சொல்லவில்லை. ஓடித் திரிந்து, தெரிந்தவர் காலில் விழுந்து, பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் அந்த வேலைக்கு வேறொருவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அதைக்கூட விட்டுவிடுகிறேன். தங்கைக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்தார்கள். யாரோ, காக்கி உடுப்பிலிருந்த யாரோ ஒருவர், டீக்கடையில் வைத்து, 'குடும்பம் நல்ல குடும்பம்தான். ஆனா பையன் மேல டிபார்ட்மெண்டுக்கு ஒரு கண்ணு உண்டு' என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அவர்கள் வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவுமில்லை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல மாவு பிசைந்தார்கள். அவர்கள் ஏதாவது திட்டியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

சொந்தக்காரர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன என்று. சித்தப்பா சொன்னார், வார்டு மெம்பர் சொன்னார், தகவல் கேட்கப் போன இடத்தில் ஒரு கிளார்க்கும் சொன்னார். பழமொழியெல்லாம் நல்லதுதான். வழியில் நிற்கிறவன் கள்ளனாக இருந்தால் அது செல்லும். கள்ளன் மடியை உதறிப் பார்ப்பான், ஒன்றுமில்லை என்றால் போ என்பான். இங்கே மடியை உதறிப் பார்த்தவன் போ என்று சொல்லவில்லையே! ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஒன்றுமில்லாத மடிக்கும் ஒரு கோப்புத் திறந்து வைத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டுக்கு இது புதிதுமில்லை. அப்பா வழித் தாத்தா ரேகை வைத்தவர். நாங்கள் மறவர். ஊரையும் வயலையும் களத்தையும் காவல் காப்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாக வைத்திருந்தவர்கள். வெள்ளைக்காரன் தன் போலீஸைக் கொண்டுவந்தான், எங்கள் காவல் உரிமையைப் பிடுங்கினான், பிறகு காவல் காத்தவனையே கள்ளன் என்று எழுதிக்கொண்டான். 1871-ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்யத் தேவையில்லை, பிறந்தால் போதும். பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிவேட்டில் உருட்டுவார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்கமாட்டோம் என்று மறுத்த கள்ளர் சனத்தை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். பதினாறு பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி பெண். தாத்தா சுடுபட்ட கூட்டத்தில் இல்லை. அவர் அடங்கிப்போனவர். ராத்திரி ஆஜருக்குப் போனதால் பாட்டிக்குப் பிரசவ வலி வந்தபோது பக்கத்தில் இல்லாதவர். கடைசிக் காலத்தில் கை நடுங்கும்போதும் யாராவது கையெழுத்துக் கேட்டால் அவருக்கு முதலில் கட்டைவிரல்தான் முன்னே வரும்.

1947-ல் அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் எடுத்தார்கள். மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. ஆனாலும் ஒன்று சொல்வேன். தாத்தாவுக்குத் தன் பேர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் புத்தகம் எந்த மேஜையில் இருக்கிறது, யார் பக்கத்தைத் திருப்புகிறார், எல்லாம் தெரியும். கண்ணெதிரே மை பூசினார்கள், கண்ணெதிரே துடைத்துக்கொள்ளச் சாக்குத் துண்டு கொடுத்தார்கள். என்னுடைய ரேகை எப்போது எடுக்கப்பட்டது என்றே எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் தென்காசி ரயில் ஏறினால் அம்பைக்கு அப்பால் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். அவரையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரதி பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தபோது வீட்டைச் சுற்றி ஒற்றர்கள், தபாலில் வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். 1918 நவம்பரில் கடலூர்ப் பக்கம் கால் வைத்ததும் பிடித்தார்கள். டிசம்பரில் விட்டார்கள், நிபந்தனையோடு. திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்ட வேண்டும். பாரதியின் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வைக்கிற அரசாங்கம், பாரதியைப் பார்த்த அந்தக் கண்ணையும் பத்திரமாக வைத்திருக்கிறது.

சட்டம் தெரியாமல் புலம்புகிறான் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருஷ பி.காம். படிப்பில் கற்றதைவிட இந்தக் கஷ்டத்தில் கற்ற சட்டம் அதிகம். கரக் சிங் என்று ஓர் உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்துச் சாட்சியமில்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டும் அவர் பேரில் சரித்திரப் பதிவேடு திறந்து, நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ராத்திரி கதவைத் தட்டுவது தப்பு என்று 1962-ல் தீர்ப்பு வந்தது. பின்தொடர்வதும் குறித்துவைப்பதும் தப்பில்லை என்று அதே தீர்ப்பில் பெரும்பான்மை சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். ஆளைத் தொடாமலே அவன் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அவர் சரி, பெரும்பான்மை தப்பு என்று ஒப்புக்கொள்ள நம் நாட்டுக்கு 55 வருஷம் ஆயிற்று. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகள், ஒருவர்கூட மாறுபடாமல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பார்ப்பதென்றால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், காரணத்துக்கு மேல் ஒரு சாண்கூடப் போகக் கூடாது என்றார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பளக் கட்டுக்கு மடிக்காமல் எடுத்து வைத்தேன். இன்னும் இருக்கிறது.

தீர்ப்பு பேப்பரில் இருக்கிறது. டெலிபோன் ஒட்டுக்கேட்பதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் விதி போட்டது. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அதை ஒரு குழு பரிசீலிக்க வேண்டும். குழுவில் யார்? அதுவும் செயலாளர்கள்தான். நீதிபதி ஒருவர் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியே வந்த கணக்கு ஒன்று உண்டு. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணை போடுகிறது என்று 2014-ல் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வேலை பார்த்தால்கூட நாளைக்குக் குறைந்தது 250 ஆணை. 250 பேரின் விவகாரத்தை ஒரு அதிகாரி ஒரு நாளில் படித்துப் பார்த்து, இது தேவை, இது தேவையில்லை என்று பிரிப்பாரா? நான் அப்பளத்தில் உடைசலைப் பொறுக்குவதற்கே அதைவிட நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-ல் போட்ட ஒரு ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். குற்றத்தைத் துப்புத் துலக்க வேண்டும் என்பதற்காக ரகசியமாகப் போனைக் கேட்க முடியாது, பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இருந்தால்தான் முடியும் என்றார். கும்பிட வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்குப் போட்டவருக்குத் தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிந்திருந்தது, அதனால் போட்டார். கேட்கப்பட்டதே தெரியாதவன் எந்தக் கோர்ட்டுப் படியில் போய் ஏறுவான்?

பெகாசஸ் என்கிற உளவு மென்பொருள் விவகாரம் வந்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. 2021 ஜூலையில் வெளியான இலக்குப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சீமான், திருமுருகன் காந்தி என்று பேர்கள் இருந்ததாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் குழு போட்டது. 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது குழு. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதைத் தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்ட்டில் திறந்த கோர்ட்டில் சொன்னார். வாங்கினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றத்துக்கே அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அப்பளக்காரனுக்கா கிடைக்கும்?

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, என் பெயரில் உங்களிடம் உள்ள படம், குறிப்பு, பதிவு, அதைத் திறந்த தேதி, திறந்தவர் பதவி ஆகியவற்றைத் தருக என்று எழுதினேன். முதல் அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அது மூன்றாவதுக்கு அனுப்பியது. கடைசியில் ஒரு பக்கப் பதில். 24(4) பிரிவின்படி அந்தப் பிரிவுக்கு விலக்கு உண்டு, எனவே தகவல் வழங்க இயலாது. கீழே கையெழுத்து சுழித்திருந்தது, பெயர் படிக்க முடியவில்லை. ஆனால் என் முகவரியில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. கதவு எண்கூட நான் விண்ணப்பத்தில் எழுதியபடி பழைய எண் இல்லை, புது எண். நான் கொடுக்காத எண்.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அதைப் பிடித்துக்கொள் என்றார் ஒரு வக்கீல். படித்தேன். கடைக்காரன் என் போன் நம்பரை வாங்கி விளம்பரம் அனுப்பினால் அவனைக் கேட்கலாம். அரசின் எந்த அமைப்பை வேண்டுமானாலும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி இந்தச் சட்டத்திலிருந்தே மத்திய அரசு விலக்கிவிடலாம் என்று 17-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு அதே சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தார்கள். தனிநபர் தகவல் என்று சொல்லிவிட்டால் பொதுநலன் இருந்தாலும் அதிகாரியைப் பற்றிக் கேட்பது இன்னும் கஷ்டம். என் அந்தரங்கத்துக்கு என்று கொண்டுவந்த சட்டம் அவர்களின் அந்தரங்கத்துக்குத்தான் பூட்டுப் போட்டது.

2022-ல் கைதிகளின் அடையாளம் எடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். கண்ணின் கருவிழி வரை எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம். அதில்கூட விடுதலையானவரின் பதிவை அழிக்க ஒரு விதி உண்டு, நடுவர் வேறு மாதிரி உத்தரவு போட்டாலொழிய. சிரிப்பு வருகிறது எனக்கு. கொலைக் கேஸில் உள்ளே போய் விடுதலையாகி வருகிறவனுக்கு அழிக்கச் சொல்லிக் கேட்க ஒரு வழி இருக்கிறது. எந்தக் கேஸும் இல்லாத எனக்கு இல்லை. அழிப்பதற்கு முதலில் நான் குற்றவாளியாக வேண்டும் போலிருக்கிறது.

எடுத்த படத்தைப் பத்திரமாகவாவது வைக்கிறார்களா? 2021-ல் தமிழ்நாட்டில் போலீஸுக்கு முகம் கண்டுபிடிக்கிற மென்பொருள் கொடுத்தார்கள். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே எவனோ புகுந்துவிட்டான். காவல்துறையே ஒப்புக்கொண்டது. எவன் கையில் எவன் முகம் இருக்கிறது என்று இனி யார் சொல்வது?

எங்கள் ஊரிலும் கேமரா வந்துவிட்டது. கடைக்காரர்களே காசு போட்டு வைத்தார்கள், மூன்றாவது கண் என்று பேனர் கட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, சங்கிலி பறிப்புக் குறைந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு கேமரா வேலை செய்யும், ஒரு கேமரா வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் நிலையத்தில் வைத்து அடித்துக் கொன்றார்களே, அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் பதிவும் தானாக அழிந்துபோகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரித்த நீதித்துறை நடுவர் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வையுங்கள், 18 மாதப் பதிவை வைத்திருங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2023 மார்ச்சில் எங்கள் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போன பையன்களின் பல்லைப் பிடுங்கியதாக ஓர் இளம் அதிகாரி மேல் குற்றச்சாட்டு வந்து நாடே பேசியது. சி.பி.சி.ஐ.டி. வழக்காகிக் கோர்ட்டுக்குப் போனது. உடைந்த பல்லை வாயைத் திறந்து காட்டித்தான் அந்தப் பையன்கள் ஊரை நம்ப வைக்க வேண்டியிருந்தது. நான் தெருவில் பீடா வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது. என் முகம் பதினான்கு வருஷத்துக்குப் பிறகும் அழியவில்லை. நிலையத்துச் சுவருக்குள் நடந்தது மட்டும் விடிவதற்குள் அழிந்துவிடுகிறது.

இன்னொன்று. எங்கள் ஊர்க் குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் திருடு போனார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடம் வரைக்கும் போய் நின்றவரை 2019-ல்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முப்பத்தேழு வருஷம். திருடனைப் பார்க்கக் கண் இல்லாத நாட்டில் அப்பளக்காரனைப் பார்க்க எத்தனை கண்! ஆனால் அந்த நடராஜரிடம் எனக்கு ஒரு பொறாமையும் உண்டு. கடல் தாண்டி ஒரு நாட்டிடம், இது எங்களுடையது, கொடு என்று கேட்க அவருக்குச் சட்டமிருந்தது, கேட்க ஆளிருந்தது, அவர்களும் கொடுத்தார்கள்.

எனக்கும் உலகச் சட்டம் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, 17-ஆவது பிரிவு. எவருடைய அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது, பெயரைக் கெடுக்கக் கூடாது, கெடுத்தால் அதிலிருந்து சட்டம் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 1979 ஏப்ரலில் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட நாடு மீறினால் தனி ஆள் ஜெனீவாவில் உள்ள மனித உரிமைக் குழுவிடம் முறையிட ஒரு துணை ஒப்பந்தம் உண்டு. அதில் மட்டும் இந்தியா சேரவில்லை. நாடே போய்த் தன் கணக்கைச் சொல்ல வேண்டிய கூட்டமாவது ஒழுங்காக நடந்ததா? 1997-க்குப் பிறகு 2024-ல்தான் இந்தியாவின் கணக்கு அங்கே பார்க்கப்பட்டது. இருபத்தேழு வருஷம். அதற்குள் நான் பால்வாடிக்குப் போய், பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், இடிந்தகரை போய், வேலை போய், தங்கை கல்யாணம் போய், எல்லாம் போயாயிற்று.

2013-ல் ஸ்னோடன் என்கிற பையன் அமெரிக்கா உலகத்தின் போனையும் மின்னஞ்சலையும் மொத்தமாக வழித்தெடுப்பதைச் சொன்னானே, அதில் அதிகம் வழித்தெடுக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தங்கள் தலைவர்களை ஒட்டுக்கேட்டதற்குப் பிரேசிலும் ஜெர்மனியும் கொதித்தன. அவர்கள் முயற்சியில் அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை டிஜிட்டல் காலத்து அந்தரங்க உரிமை பற்றித் தீர்மானம் போட்டது. நம்முடைய அன்றைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், இது உண்மையில் உளவே இல்லை என்று அமெரிக்காவுக்காக விளக்கம் சொன்னார். எனக்கு அப்போது அது புரியவில்லை. இப்போது புரிகிறது. தானும் அதையே செய்கிறவன் எப்படிக் கோபப்படுவான்?

வெளிநாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2008-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. இங்கிலாந்தில் இரண்டு பேர். பதினொரு வயதில் பிடித்து விடுதலையான ஒரு சிறுவன், வழக்கையே கைவிட்டுவிட்டதால் வெளியே வந்த மார்ப்பர் என்று ஒருவர். எங்கள் ரேகையை அழியுங்கள் என்று கேட்டார்கள். போலீஸ் மறுத்தது. பதினேழு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், குற்றம் நிரூபணமாகாதவனின் ரேகையைக் காலவரையில்லாமல் வைத்திருப்பது அவன் உரிமையை மீறுவது என்று. பத்து விரலும் பதிந்த என் தாத்தாவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டியிருக்கலாம். அவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

நான் ஸ்ட்ராஸ்பர்க் போக முடியாது. ஜெனீவாவுக்குக் கதவு இல்லை. டெல்லிக்குப் போக வக்கீல் பீஸ் இல்லை. இருக்கிற பத்திரிகையில் எழுதுகிறேன். எழுதாதே என்று அம்மா நேற்று முழுக்கச் சொன்னாள். தங்கைக்கு இப்போது இன்னொரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது முடிகிற வரைக்காவது சும்மா இரு என்றாள். பதினான்கு வருஷமாகச் சும்மாத்தானே இருக்கிறேன் அம்மா? சும்மா இருந்தவனைத்தானே ராத்திரி ரோட்டில் நிறுத்தி மூஞ்சியை நேராக வை என்றார்கள்?

எனக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நஷ்ட ஈடு கேட்கவில்லை. சங்கரன்கோவில்காரர்களிடம் போய் விளக்கம் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. எந்தப் படத்தை வைத்திருக்கிறீர்களோ அதன் ஒரு பிரதி, எந்த வரியை எழுதியிருக்கிறீர்களோ அதன் ஒரு பிரதி, எழுதியவரின் பெயரும் பதவியும், அழிக்கப்போகும் தேதியும் வேண்டும். இந்தக் கட்டுரையையும் வெட்டி அந்தக் கோப்பில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சேருங்கள். ஓரத்தில் தேதி போட்டு, சேர்த்தவர் யார் என்று படிக்கிற மாதிரி கையெழுத்தும் போட்டுச் சேருங்கள்.